வீட்டின் விலை வேறு, திரும்பக் கட்டும் செலவு வேறு

(தொலைக்காட்சி கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் போட்ட கணக்கு ஒன்றாகவும் ஆகிற செலவு வேறாகவும் இருக்கும் என்பதே அதன் பொருள். ஆனால் அந்தப் பழமொழி ஒரு முறை கட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறது. கட்டிய வீடு தீயிலோ வெள்ளத்திலோ புயல் காற்றிலோ போய்விட்டால், அதே மனையில் அதே வீட்டை இரண்டாம் முறை எழுப்ப எவ்வளவு ஆகும்? அந்தப் பணம் எங்கிருந்து வரும்? இன்றைய உரை இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

லயத்திலிருந்து தாமானுக்கு

கோலா கங்சார் மலாயா ரப்பர் வரலாற்றில் தனி இடம் பெற்ற ஊர். 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளில் சில இங்கேதான் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்தின் அருகே பாதுகாக்கப்படுகிறது. அந்த மரம் பரவிய வழியே தமிழர்களும் இந்த மண்ணில் பரவினார்கள். சுங்கை சிப்புட், பாடாங் ரெங்காஸ், காராய் என்று சுற்றுவட்டாரம் எங்கும் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வாழ்க்கை நடந்தது.

அந்த வாழ்க்கையில் வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை. லயம் நிர்வாகத்தின் சொத்து. கூரை ஒழுகினால் நிர்வாகத்திடம் முறையிட வேண்டும். வேலை போனால் வீடும் போகும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோதுதான் பலருடைய பெயரில் முதன்முதலாக ஒரு வீடு பதிவானது. பெரும்பாலும் அது மலிவு விலை வரிசை வீடு. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, வங்கியில் கடன் வாங்கி, இருபது இருபத்தைந்து ஆண்டுகள் மாதத் தவணை கட்டி மீட்ட வீடு அது. அந்தக் குடும்பத்தின் மிகப் பெரிய சொத்தும் அதுதான். பல குடும்பங்களுக்கு அதைத் தவிர வேறு சொத்து இல்லை.

அந்தச் சொத்தைக் காக்கும் பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகை என்ன என்று கேட்டால், பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

மூன்று தொகைகள்

ஒரு வீட்டைப் பற்றிப் பேசும்போது மூன்று தொகைகள் வருகின்றன. முதலாவது, வங்கிக்கு இன்னும் கட்ட வேண்டிய கடன். இரண்டாவது, வீட்டை இன்று விற்றால் கிடைக்கும் சந்தை விலை. மூன்றாவது, வீடு முழுதும் அழிந்தால் அதைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. இந்த மூன்றும் ஒன்றல்ல. காப்புறுதிக்குத் தேவை மூன்றாவது தொகை மட்டுமே.

கடன் மாதந்தோறும் குறையும். கட்டுமானச் செலவோ குறைவதில்லை, ஏறுகிறது. எனவே கடன் தொகைக்குச் சமமாகக் காப்புறுதி எடுத்தவருக்குக் கடன் கரையக் கரையப் பாதுகாப்பும் கரைகிறது. அவர் வங்கியைக் காப்பாற்றுகிறார், தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை.

சந்தை விலையும் சரியான அளவுகோல் அல்ல. சந்தை விலையில் நிலத்தின் விலை அடங்கியிருக்கிறது. நிலம் எரிவதில்லை. கோலாலம்பூரில் நிலத்தின் மதிப்பு அதிகம் என்பதால், விற்கும் விலை கட்டும் செலவைவிட மிக அதிகமாக இருக்கும். அங்கே சந்தை விலைக்குக் காப்புறுதி எடுப்பவர் வீணாகக் கூடுதல் பிரிமியம் கட்டுகிறார். கோலா கங்சார் போன்ற சிறு நகரில் நிலைமை தலைகீழாக இருக்கலாம். நிலம் மலிவு, வாங்குவோர் குறைவு. பழைய வீடு ஒன்று விற்கும் விலையைவிட, அதே வீட்டைப் புதிதாகக் கட்டும் செலவு அதிகமாகிவிடும். செங்கல், சிமெண்ட், கம்பி, கூரைத் தகடு ஆகியவை சிறு நகரம் என்பதற்காக நிலத்தைப் போல் மலிவாகக் கிடைப்பதில்லை.

மலிவு விலை வீட்டுக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1998 ஜூன் வரை மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என்று அரசாங்கம் வரம்பு வைத்திருந்தது. பிறகு இடத்தைப் பொறுத்து 42,000 வெள்ளி வரை அனுமதித்தது. அது ஏழை எளியோருக்காக நிர்ணயிக்கப்பட்ட விலை. கட்டும் செலவை அளந்து வைத்த விலை அல்ல. மேம்பாட்டாளர்கள் அதே திட்டத்தின் மற்ற வீடுகளை அதிக விலைக்கு விற்று, இதில் விழுந்த துண்டை ஈடுகட்டினார்கள். ஆகவே "25,000 வெள்ளிக்கு வாங்கிய வீடு, 40,000 வெள்ளிக்குக் காப்புறுதி இருக்கிறது, தாராளம்" என்று எண்ணுவது ஆபத்து. வீடு எரிந்த மறுநாள் வரும் குத்தகையாளருக்கு அந்த விலை வரம்பு பொருந்தாது. அவர் இன்றைய கூலியையும் இன்றைய பொருள் விலையையும்தான் எழுதித் தருவார்.

பாதி வீட்டுக்குப் பாதிப் பணம்

"முழுதும் எரிந்தால்தானே குறை விழும்? சமையலறை மட்டும் எரிந்தால், இருக்கிற காப்புறுதி போதுமே" என்று சிலர் வாதிடுவார்கள். பலர் ஏமாந்து போகும் இடம் இதுதான்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பளவு 800 சதுர அடி. சதுர அடிக்கு 150 வெள்ளி என்று குத்தகையாளர் சொல்வதாக வைத்துக்கொண்டால், திரும்பக் கட்டும் செலவு 120,000 வெள்ளி. பத்திரத்தில் எழுதிய காப்புறுதித் தொகை 60,000 வெள்ளி. அதாவது பாதி. இப்போது சமையலறை எரிந்து 40,000 வெள்ளி இழப்பு ஏற்படுகிறது. 60,000 வெள்ளிக்குப் பத்திரம் இருப்பதால் 40,000 வெள்ளியும் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் நம்புவார். ஆனால் வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில் விகிதக் கணக்கு விதி ஒன்று உண்டு. மதிப்பில் பாதிக்குத்தான் காப்புறுதி எடுத்திருந்தால், மீதிப் பாதிக்கு வீட்டுக்காரரே காப்புறுதியாளர் என்று அந்த விதி கருதுகிறது. எனவே கிடைப்பது 20,000 வெள்ளி. மீதி 20,000 வெள்ளியை அவரே தேட வேண்டும்.

வீடு முழுதும் போனால் 60,000 வெள்ளி வரும். தேவை 120,000 வெள்ளி. வாடகைப் பிரச்சினையும் இதோடு சேரும். வீடு குடியிருக்க முடியாமல் போகும் காலத்து வாடகை இழப்புக்கு, பொதுவாகக் காப்புறுதித் தொகையில் 10 விழுக்காடு வரை இழப்பீடு உண்டு. தொகை குறைந்தால் அதுவும் குறைகிறது.

அதற்காகத் தேவைக்கு மேல் எழுதுவதும் பயன் தராது. 120,000 வெள்ளி வீட்டுக்கு 300,000 வெள்ளிக்குப் பத்திரம் எடுத்தாலும், உண்மையான இழப்புக்கு மேல் ஒரு காசும் வராது. இரண்டு நிறுவனங்களில் எடுத்தாலும் இரட்டிப்பு கிடையாது. காப்புறுதி இழந்ததை ஈடு செய்யும், லாபம் தராது.

செலவில் எவை சேரும்?

கோலா கங்சார் மக்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கட்டடத்தின் கதை இங்கே பொருத்தமாக இருக்கும். புக்கிட் சண்டானில் தங்கக் குவிமாடங்களோடு நிற்கும் உபுடியா பள்ளிவாசலுக்கு 1913-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வரைந்தவர் ஈப்போ ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பாக். இத்தாலியிலிருந்து வரவழைத்த பளிங்குக் கற்களை, சண்டையிட்ட யானைகள் மிதித்து நொறுக்கிவிட்டன. மறுபடியும் இத்தாலிக்கே எழுதிப் போட வேண்டியதாயிற்று. அதற்குள் முதல் உலகப் போர் மூண்டுவிட்டது. வேலை தாமதமாகி, 1917-இல்தான் பள்ளிவாசல் எழுந்து முடிந்தது. அதைத் தொடங்கி வைத்த சுல்தான் இட்ரிஸ் 1916-லேயே காலமாகிவிட்டார்.

ஒரு பொருளை இரண்டாம் முறை வாங்கும்போது, அன்றைய நிலவரமே விலையையும் காலத்தையும் தீர்மானிக்கிறது. முதல் முறை என்ன விலை கொடுத்தோம் என்பது அங்கே எடுபடாது. சாதாரண வரிசை வீட்டுக்கும் இதே நியாயம்தான்.

திரும்பக் கட்டும் செலவு என்பது செங்கல்லும் சிமெண்டும் மட்டுமல்ல. எரிந்த சுவர்களை இடித்துக் குப்பையை அப்புறப்படுத்த வேண்டும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவராக இருந்தால் அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வரைபடம் தயாரிக்க வேண்டும். பொறியாளருக்குக் கட்டணம் தர வேண்டும். நகராண்மைக் கழகத்தின் அனுமதி பெற வேண்டும். மின் கம்பிகளும் குழாய்களும் இன்றைய விதிப்படி புதிதாகப் போட வேண்டும். இவற்றையும் சேர்த்துத்தான் தொகையை எழுத வேண்டும்.

வீட்டில் செய்த மாற்றங்களும் உண்டு. தாமான் வீடுகளில் பின்பக்கம் சமையலறையை நீட்டாதவர்கள் குறைவு. முன்பக்கம் கார் நிறுத்தக் கூரை, தரைக்கு ஓடு, இரும்புக் கதவு, பூசையறை என்று ஆண்டுக்கு ஆண்டு பணம் செலவாகியிருக்கும். பத்திரத்தில் இருப்பதோ மேம்பாட்டாளர் சாவி கொடுத்த நாளின் வீடு. அனுமதியில்லாமல் நீட்டிய பகுதி இழப்பீட்டு நேரத்தில் தகராறுக்கு இடம் கொடுக்கும். அதை முன்கூட்டியே முறைப்படுத்தி, நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

எந்தப் பத்திரம் எதைக் காக்கும்?

மலேசியாவில் வீட்டுக்கு மூன்று வகைப் பத்திரங்கள் உள்ளன. முதலாவது, அடிப்படைத் தீக் காப்புறுதி. தீ, இடி மின்னல், வீட்டுச் சமையல் எரிவாயு வெடிப்பு ஆகியவற்றோடு இது நின்றுவிடும். வெள்ளமும் புயலும் இதில் சேராது. கூடுதல் பிரிமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, ஹவுஸ்ஓனர் பத்திரம். இது கட்டடத்துக்கானது. தீயோடு வெள்ளம், புயல் காற்று, குழாய் வெடிப்பு, வாகனம் மோதுதல், பூட்டை உடைத்த திருட்டு ஆகியவற்றையும் ஏற்கிறது. மண்சரிவுக்கும் நிலம் இறங்குவதற்கும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, ஹவுஸ்ஹோல்டர் பத்திரம். இது வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு. இவற்றுக்கு இணையான தக்காஃபுல் திட்டங்களும் உண்டு.

பேராக் ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. 1926-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் இந்த ஆற்றின் கரைகளைப் புரட்டிப் போட்டது. இன்று மேல்நிலையில் அணைகள் உள்ளன. ஆனாலும் கால்வாய் அடைத்து ஒரு மணி நேர மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகும் திடீர் வெள்ளத்தை அந்த அணைகள் தடுக்க மாட்டா. ஆகவே பத்திரத்தில் "வெள்ளம்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வெள்ள இழப்பில் ஒரு பகுதியை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும் என்ற விதியும் பெரும்பாலும் இருக்கும். அது எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகை விஷயமும் உண்டு. ஹவுஸ்ஹோல்டர் பத்திரத்தில் தங்கம் வெள்ளி நகைகளுக்குப் பொதுவாக மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் உச்சம். தனியாகப் பட்டியலிடாத ஒரு பொருளுக்கு 5 விழுக்காடுதான் உச்சம். பெண்ணின் திருமணத்துக்குச் சேர்த்த நகையை அலமாரியில் வைத்திருப்பவர்கள் இந்த வரியைப் படித்தே ஆக வேண்டும்.

இன்னொரு குழப்பம் எம்.ஆர்.டி.ஏ. பற்றியது. "வங்கியில் காப்புறுதி எடுத்துவிட்டார்கள்" என்று பலர் நிம்மதியாக இருப்பது இதை நம்பித்தான். இது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்புறுதி. அவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ கடனை அடைக்கும். வீடு எரிந்தால் ஒரு செங்கல்கூட வாங்கித் தராது.

கடன் முடிந்த நாள்

இந்த உரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கடன் இருக்கும் வரை, தீக் காப்புறுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்படி வங்கி பார்த்துக்கொள்ளும். அது வங்கியின் நலனுக்காக. கடைசித் தவணை கட்டி, கிராண்டைக் கையில் வாங்கி, சாமிப் படத்தின் முன் வைத்துக் கும்பிடுகிற அந்த நாளோடு வங்கியின் அக்கறை முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு யாரும் கடிதம் அனுப்பாமல் போகலாம். வீடு முழுதாகச் சொந்தமாகும் அந்த நாளிலேயே அது பாதுகாப்பில்லாத வீடாகவும் ஆகிவிடுகிறது. அப்போது வீட்டுக்காரருக்கு அறுபது வயதை ஒட்டியிருக்கும். மின் கம்பிகளுக்கும் ஏறக்குறைய முப்பது வயது. மறுபடி கடன் தர எந்த வங்கியும் தயங்கும் வயதில், மறுபடி வீடு கட்ட வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது?

பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்ட வீடுகளில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பெற்றோரை உடன் அழைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டால், பொதுவாக ஓராண்டில் 90 நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குத் திருட்டு போன்ற சில பாதுகாப்புகள் நின்றுவிடும். தந்தை காலமான பிறகும் கிராண்ட் அவர் பெயரிலேயே கிடந்தால், இழப்பீட்டை யார் பெறுவது என்ற கேள்வி எழும். நில அலுவலகத்தில் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாமல், காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில்

"சுவாமி புண்ணியத்தில் நமக்கு ஒன்றும் ஆகாது, கவனமாகத்தான் இருக்கிறோம்" என்பார்கள். கவனம் அவசியம். ஆனால் 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, சிலாங்கூர் புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் வெடித்துச் சுற்றியிருந்த வீடுகள் எரிந்தன. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் அடுப்பை அணைக்க மறந்தவர்கள் அல்லர்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாடே பார்த்தது. அந்தப் பருவ வெள்ளங்களின் மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி என்றும், அதில் குடியிருப்புகளின் இழப்பு மட்டும் 160 கோடி வெள்ளி என்றும் புள்ளிவிவரத் துறை அறிவித்தது. பேரிடரில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே வாரத்தில் கொத்தனாரையும் மின் பணியாளரையும் தேடுகிறார்கள். ஆள் கிடைப்பதில்லை; கூலி ஏறுகிறது. அமைதியான நாளில் போதுமானதாகத் தெரிந்த தொகை அப்போது போதாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 டிசம்பர் 30-ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தபோது, அந்த வசதியான நாட்டிலும் பலர் காப்புறுதித் தொகை போதாமல் தவித்தார்கள். அரசாங்க நிவாரண நிதி வரும். கோயிலும் சங்கங்களும் அரிசி பருப்பு கொண்டு வரும். அந்த உதவி பெரிது. ஆனால் அது வீடு கட்டித் தராது.

நிறுவனங்களின் கடமை

குற்றத்தை மக்கள் மீது மட்டும் சுமத்துவது நியாயமில்லை. இருபது ஆண்டுகளாக அதே தொகையைப் போட்டுப் பத்திரத்தைப் புதுப்பித்து அனுப்பும் பழக்கம் மாற வேண்டும். "இந்தத் தொகை இன்று உங்கள் வீட்டைக் கட்டப் போதுமா?" என்ற ஒரு வரியைப் புதுப்பிப்புக் கடிதத்தின் மேலேயே, மக்களுக்குப் புரியும் மொழியில் அச்சிட்டால் என்ன? கடன் முடியும்போது, "காப்புறுதியை இனி நீங்களே புதுப்பிக்க வேண்டும்" என்று வங்கி ஒரு கடிதம் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பும்.

இழப்பீட்டில் தகராறு வந்து, நிறுவனத்தின் இறுதி முடிவில் திருப்தி இல்லையென்றால் வழக்கறிஞரைத் தேடி ஓட வேண்டியதில்லை. 2025 ஜனவரி 1 முதல் எஃப்.எம்.ஓ.எஸ். என்னும் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பு இயங்குகிறது. முன்பிருந்த ஓ.எஃப்.எஸ். இதில் இணைந்துவிட்டது. பயனீட்டாளருக்குக் கட்டணம் கிடையாது. இறுதி முடிவு வந்த ஆறு மாதத்திற்குள் புகார் செய்ய வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

முதலில் பத்திரத்தைத் தேடி எடுங்கள். எந்தத் தேதி வரை செல்லும், தொகை எவ்வளவு, எந்தெந்த ஆபத்துகள் அடக்கம் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மலாயோ ஆங்கிலமோ தடையாக இருந்தால் படித்த பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, நீட்டிய பகுதி உட்பட வீட்டின் பரப்பளவை அளந்து, இன்று சதுர அடிக்கு என்ன ஆகும் என்று உள்ளூர்க் குத்தகையாளர் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாம் கட்டுமானச் செலவைக் கணக்கிட உதவும் வசதி ஒன்றை வைத்திருக்கிறது, அதையும் பார்க்கலாம். இடிப்புச் செலவையும் கட்டணங்களையும் சேர்த்து வரும் தொகையை முகவரிடம் கொடுத்து, அதற்கு ஏற்பப் பத்திரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். இழப்பீட்டில் தேய்மானம் கழிப்பார்களா, புதிதாகக் கட்டும் செலவைத் தருவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பலகை வீடா கல்வீடா என்பதையும், வீட்டில் சமையல் தொழிலோ வேறு வியாபாரமோ நடந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டின் ஒவ்வோர் அறையையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். பத்திரமும் வீட்டோடு எரிந்து போகலாம் என்பதால் அதன் நகலும் அங்கே இருக்கட்டும்.

பிரிமியம் கூடும்தான். ஆனால் வீட்டுக் காப்புறுதியின் பிரிமியம் காப்புறுதித் தொகையில் மிகச் சிறிய பங்கு. எவ்வளவு கூடுகிறது என்று கேட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கேட்காமலேயே "கட்டுப்படியாகாது" என்று விட்டுவிடாதீர்கள்.

லயத்தில் பிறந்தவர்கள் ஒரு தலைமுறை உழைப்பில் சொந்த வீட்டுக்கு வந்தார்கள். அந்த உழைப்பை இன்னொரு முறை கொடுக்க அவர்களிடம் வயது இல்லை. பிள்ளைகளாவது பத்திரத்தை எடுத்துப் பார்த்து, அந்தத் தொகையைத் திருத்தி வைக்க வேண்டும்.